மூன்று பாதையும் ஒரு சுவிச்சும்

கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. பசளை, விதைநெல், பயிர் மருந்து, தண்ணீர்ப் பம்ப் விற்கிற கம்பனி என்று மட்டும் சொல்லலாம். தலைமையகம் கொழும்பில். எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை நகரத்தில் ஒரு கிளை, கிண்ணியாவில் ஒன்று, மூதூரில் ஒன்று, கப்பல்துறையில் ஒரு களஞ்சியம். இந்த நாலு இடத்துக் கணினிகளும் கொழும்போடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஏன் நின்றது என்று கொழும்பு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கிருஷாந்தன் என்கிற என்னை நகரக் கிளையில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு எந்த வழியால் போகிறது என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் கிளையின் மொட்டைமாடியில் ஏறி நின்றால், வானம் வெளித்த நாளில் துறைமுகத்துக்கு அப்பால் மூதூர்க் கரை தெரியும். ஆனால் நகரக் கிளையில் ஒரு மூட்டை பசளை மிச்சமிருக்கிறதா என்று மூதூர்க் கிளை கேட்டால், அந்தக் கேள்வி முதலில் கொழும்பிலுள்ள தரவு மையத்துக்குப் போகும். அங்கே நீ யார், எவர் என்று விசாரணை. பிறகு கடலுக்கடியால் சிங்கப்பூருக்கு. கையிருப்புக் கணக்கு கிளவுட்டில் இருக்கிறது; கிளவுட் என்றால் மேகத்தில் இல்லை, சிங்கப்பூரில் யாரோ ஒருவரின் குளிரூட்டிய கட்டடத்தில். பதிலும் வந்த வழியே திரும்பிக் கொழும்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் மூதூருக்கு வரும். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதால், இது என்ன கூத்து என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் கொழும்பில் தலைவர் அர்ஷாக். கெட்டிக்காரர், நான் மறுக்க மாட்டேன், மறுக்க அவரும் விடமாட்டார். அவருடைய அறைச் சுவரில் ஒரு பெரிய திரை. நாட்டிலுள்ள ஒவ்வொரு கிளைக்கும் அதில் ஒரு புள்ளி. இணைப்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. மாதம் முடிய எந்தக் கிளை எவ்வளவு நேரம் பச்சையாக இருந்தது என்று திரையே வரிசைப்படுத்திச் சொல்லும்.

அந்த வரிசையில் எங்கள் மாவட்டத்தில் எப்போதும் முதலாவது கப்பல்துறைக் களஞ்சியம். அங்கே யாரும் எதையும் விற்பதில்லை, வாங்குவதுமில்லை. காவலாளி சூசைப்பிள்ளை இரவு பகலாகக் கம்பனியின் இணைப்பில் தொடர் நாடகம் பார்ப்பார். அவ்வளவுதான். திரையைப் பொறுத்தவரை அது இமைக்காமல் உழைக்கிற கிளை.

கடைசி, மூதூர். பின்னேரமானால் சிவப்பு, விடிந்து கடை திறக்கிற நேரத்தில்தான் பச்சை. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானமும் சிவப்பு. அர்ஷாக் சும்மா இருக்கவில்லை. வேறொரு கம்பனியிடமிருந்து இரண்டாவது இணைப்பு எடுத்தார். அதுவும் பின்னேரத்தில் அறுந்தது. கைத்தொலைபேசி சிம் போட்டு மூன்றாவது பாதை வைத்தார். மூன்றில் எது நல்ல பாதையோ அதைத் தானே தெரிந்தெடுக்கிற புத்திசாலிப் பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். மூன்று பாதையும் சேர்ந்து ஒரே நொடியில் அறுந்தன. கடற்காற்றின் ஈரம் என்றார் ஒரு மாதம். வெள்ளிக்கிழமைக்கு வாரயிறுதி நெரிசல் என்று பெயர் வைத்தார். நானும் தலையாட்டினேன். நான் மூதூர் போனதெல்லாம் வாரநாள் பகலில். பகலில் அங்கே எல்லாம் பூப்போல வேலை செய்யும்.

இந்த நிலையில்தான் மாவட்டத்துக்கு ஒரு கிளையைக் குறைப்பது என்று தலைமையகம் முடிவெடுத்தது. எந்தக் கிளை என்று திரையைப் பார்த்தார்கள். மூதூர்.

மூதூரின் முகாமையாளர் பஸ்மியா. ஐம்பதைத் தொடுகிற வயது, மூக்குக் கண்ணாடி, உட்காரச் சக்கரமில்லாத பழைய மரக் கதிரை. எந்த வயல், எத்தனை நாள் பயிர், இலை எந்தப் பக்கத்தால் மஞ்சளாகிறது என்று கேட்காமல் யாருக்கும் ஒரு போத்தல் மருந்து விற்க மாட்டார். வேண்டாததை வாங்க வந்தவரைக் காசோடு திருப்பி அனுப்புவார். திரும்பிப் போனவர் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார். மாவட்டத்திலேயே ஆகக் கூடுதலாக விற்கிற கிளை அதுதான். ஆனால் விற்பனைக் கணக்கு வேறொரு பிரிவின் திரையில் இருந்தது. அந்தப் பிரிவும் அர்ஷாக்கின் பிரிவும் ஒரே மாடியில். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. சிங்கப்பூரையும் மூதூரையும் இணைத்தவர்களுக்கு அந்தக் கதவைத் தாண்டி ஒரு இணைப்புப் போடத் தோன்றவில்லை.

சேதி கேள்விப்பட்டு பஸ்மியா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட கிளையப் பூட்டப் போறாங்களாம். பூட்டுறதெண்டா பூட்டட்டும். நாங்க என்ன பிழை விட்டம் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஒரு பிழையும் விடாதவர் கேட்கிற கேள்வி அது. சரி, சிவப்பாகிற நேரத்திலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்க, மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். பஸ்மியாவும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொழுது, சமைத்துவிட்டுப் பின்னேரம் வருவார். நான் அந்தப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்து அதன் மூன்று பச்சை வெளிச்சங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபேனை நிறுத்தினார், லைட்டை நிறுத்தினார், கணினியை நிறுத்தினார். கடைசியாகச் சுவரோரம் போய், பிஸ்மி சொல்லி, பெரிய சுவிச்சையும் நிறுத்தினார். அடியிலிருந்த பற்றரி ஒருமுறை கீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று வெளிச்சமும் ஒன்றாகச் செத்தன. வாரயிறுதி நெரிசல் என் கண்முன்னே நடந்து முடிந்தது.

எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். கடை திறந்த நாளிலிருந்து என்றார். பிறகு சுவிச்சுக்கு மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். கொழும்பு பாதுகாப்புப் பிரிவு மூன்று மொழியிலும் அச்சடித்து எல்லாக் கிளைக்கும் அனுப்பிய ஸ்டிக்கர்: வெளியேறும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். நகரக் கிளையில் அதன் மேல் நாட்காட்டி தொங்குகிறது. கப்பல்துறையில் சூசைப்பிள்ளை அதைக் கிழித்து ஜன்னல் இடுக்கில் வைத்திருக்கிறார். நாடு முழுவதிலும் தலைமையகத்தின் சொல்லைக் கேட்ட கிளை ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் மூடப் போகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இத்தனை பேர் படித்து, மூன்று பாதை போட்டு, பிளக்கைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

சுவிச்சை நிறுத்தாமல் விட்டால் புள்ளி பச்சையாகும், புள்ளி பச்சையானால் கிளை தப்பும் என்று அவருக்கு விளக்கினேன். அவருக்கு மனமில்லை. ஐப்பசி இடியில் பக்கத்துக் கடையின் தொலைக்காட்சி எரிந்ததை அவர் பார்த்தவர். இடி தாங்குகிற கருவி ஒன்று வாங்கி மாட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"நீங்க பொறுப்பெண்டா சரி," என்றார். "ராவைக்கு மின்னினா நான் வந்து பாத்துக்கிறன். வீடு கிட்டத்தானே."

அர்ஷாக்குக்கு, மின்வழங்கல் அமைவில் இருந்த ஒரு குறைபாடு நிவர்த்தி செய்யப்பட்டது என்று எழுதினேன். சுவிச் என்ற சொல் அதில் வரவில்லை. அவர் அதைத் தன் மேலதிகாரிக்கு எழுதும்போது இன்னும் அழகாக எழுதினார்.

மூதூர் பச்சையானது. இரவும் பச்சை, வெள்ளியும் பச்சை. மின்னல் அடிக்கிற நேரமெல்லாம் பஸ்மியா குடையோடு வந்து கடை வாசலில் நின்றுவிட்டுப் போவாராம். அது திரையில் தெரியாது. அடுத்த மாத வரிசையில் மூதூர் கிண்ணியாவைத் தாண்டியது, அதற்கடுத்த மாதம் கப்பல்துறைக்கு அடுத்ததாக நின்றது. கிளையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் ஒரு நாள் வீட்டுக்குக் கேக் கூட வாங்கிக்கொண்டு போனேன்.

பெரும்போக விதைப்புத் தொடங்குகிற நேரத்தில் அர்ஷாக் காணொளிக் கூட்டத்துக்கு அழைத்தார். மூதூர் இணைப்பின் வரைகோட்டைத் திரையில் காட்டினார். ஒரு இடத்திலும் அறுபடாத நேர்கோடு. எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். பிறகு அவர் சொன்னார்:

"லிங்க் இவ்வளவு உறுதியா நிக்குதெண்டா, அங்க இனி ஆள் என்னத்துக்கு?"

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

திட்டம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. கடையின் முன்சுவரில் வெளியைப் பார்த்தபடி ஒரு தொடுதிரை. விவசாயி வந்து தொட்டால் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை திரையில் தோன்றி என்ன வேணும் என்று கேட்கும். சாமானை மறுநாள் கப்பல்துறை லொறி கொண்டுவந்து கொடுக்கும். உள்ளே ஆளும் தேவையில்லை, கடையைத் திறக்கவும் தேவையில்லை. மூட்டை தூக்குகிறவர்களைக் கப்பல்துறைக்கு மாற்றுவது, தளபாடங்களையும் அங்கேயே அனுப்புவது, பஸ்மியாவுக்கு நன்றி சொல்வது. சிவப்பாக இருந்தால் கிளையை எடுப்பார்கள், பச்சையாக இருந்தால் ஆளை எடுப்பார்கள். அவருடைய வேலைக்குக் குழி தோண்டியதே நான் வாங்கிக் கொடுத்த பச்சைதான்.

இதை அவருக்குச் சொல்கிற பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பச்சையா இருந்தா தப்பலாம் எண்டு நீங்கதானே தம்பி சொன்னீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசி நாள், தொடுதிரையைப் பொருத்தி முடித்துச் சரிபார்த்தேன். கொழும்புப் பிள்ளை தெளிவாகத் தெரிந்தாள், வணக்கமும் சொன்னாள். மரக் கதிரையையும் மேசையையும் லொறியில் ஏற்றினார்கள். நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருக்க, பஸ்மியா கடைசித் தடவையாக உள்ளே போய்விட்டு வந்து கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். கடைக்கு இருந்த ஒரே சாவி, அந்தத் திறப்பைத் தலைமையகத்துக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவு. அவரே அதைக் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொன்னார். எங்கள் கம்பனியில் திறப்பும் கொழும்பைக் கும்பிட வேண்டும். நான் புறப்படும்போது திரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

திறப்பு கொழும்பு போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. ஆனால் மூதூர் சிவப்பானது கடை பூட்டிய அன்றே பின்னேரம், நான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே.

மறுநாள் காலை அர்ஷாக் போனில் இருந்தார். மூன்று இணைப்பும் ஒரே நேரத்தில் அறுவதற்குச் சாத்தியமே இல்லை என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டேன். அவர் இரண்டு இணைப்புக் கம்பனிகளையும் கூப்பிட்டு ஏசினார். இரண்டு கம்பனிகளும் ஆள் அனுப்பிக் கம்பத்தில் ஏற்றின. ஏறியவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். புத்திசாலிப் பெட்டியைக் கொழும்பிலிருந்தே அணைத்துப் போடலாமா என்று பார்த்தார். அணைந்து கிடக்கிற பெட்டியை இன்னும் எப்படி அணைப்பது. திறப்பு வரட்டும் என்று காத்திருந்தோம். வியாழன் அது வந்ததும் நிர்வாகப் பிரிவு அதைப் பத்திரமாக ஒரு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியது. லாச்சித் திறப்பு வைத்திருந்த உத்தியோகத்தர் நீண்ட வாரயிறுதிக்கு நுவரெலியா போயிருந்தார். பூட்டை உடைக்கலாமா என்று கேட்டேன். அதற்குப் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி வேணுமாம். ஸ்டிக்கர் ஒட்டிய அதே பிரிவு.

வெள்ளிக்கிழமை மூதூர் போனேன். கறுத்த திரைக்கு முன்னால் யாரும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர், எல்லாரும் பஸ்மியா வீட்ட போயிட்டாங்க என்றார்.

அவர் வீட்டு விறாந்தை நிறைய ஆட்கள். கிளிவெட்டியிலிருந்து வந்த குணேஸ்வரி, வேரோடு பிடுங்கிய நாற்றை ஒரு பையில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் நின்றார். ஒன்றரை ஏக்கர், கடன் பட்டு விதைத்தது, தத்திப் பூச்சி பிடித்துவிட்டது. இரண்டு நாளாகக் கறுத்த திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பஸ்மியா நாற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நகரக் கிளைக்கு நேரடியாகப் போன் எடுத்தார். இன்ன மருந்து இருக்கா? இருந்தது. அடுத்த பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கவே பஸ் வந்து, மருந்துப் பார்சல் சந்தியில் இறங்கிவிட்டது. கொழும்பு இல்லை, சிங்கப்பூர் இல்லை, நீ யார் என்ற விசாரணையும் இல்லை. சம்பளம் இல்லாத பஸ்மியா கம்பனியின் மருந்தைக் கம்பனிக்காக விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆட்கள் குறைந்த பிறகு கேட்டேன்.

"மிஸ், அண்டைக்குச் சுவிச்சை நிப்பாட்டினீங்களோ?"

"ஓம் தம்பி, நிப்பாட்டித்தான் பூட்டினனான். எரியட்டும் எண்டு நீங்க சொன்னீங்க, பாத்துக்கொள்ள நான் இருந்தன், விட்டன். ஆளில்லாத கடையில இடி விழுந்தா ஆரு பாக்கிற?"

நான் புறப்படும்போது திரை எரிந்தது பற்றரியில்தான். பழக்கத்தில் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு கடையை எப்படி விட்டுப் போகவேண்டுமோ அப்படி விட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

அங்கிருந்தே அர்ஷாக்கைக் கூப்பிட்டு, மூன்று பாதையும் ஒரே பிளக்கில்தான் முடிகிறது, அந்தப் பிளக்கின் சுவிச் நிறுத்தியிருக்கிறது என்றேன். அதைக் கொழும்பிலிருந்தே போட ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார்.

"சுவிச் போட விரல் வேணும், சேர். விரல் மூதூரில இருக்கோணும்."

நிரந்தரத் தீர்வு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், இந்தத் தடவை சுவிச் என்ற சொல்லைப் போட்டே எழுதினேன். கிளைக்கு அண்மையில் வசிக்கிற, பயிரும் சனமும் தெரிந்த ஒருவர் பகல் முழுவதும் அங்கே இருக்கவேண்டும். கடை பூட்டியிருக்கிற நேரத்தில் இணைப்பு நின்றிருப்பது பழுது அல்ல. அர்ஷாக் அதற்கு, தளத்தொடர்ச்சி அலுவலர் என்று ஒரு புதிய பதவி உண்டாக்கி, தன் யோசனையாகவே மேலே அனுப்பினார். தரம் முகாமையாளரை விட ஒருபடி கூட. பதவியை யாருக்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். திறப்பு கொழும்பிலிருந்து திரும்பி வருவதற்கு முன்பே பெயரை அனுப்பிவிட்டேன்.

பஸ்மியா உடனே ஓம் சொல்லவில்லை.

"சுவிச் போட மட்டும் வர ஏலாது தம்பி. கடையத் துறந்து, ரெண்டு பொடியன்மாரையும் திருப்பி எடுத்து, என்ட கதிரையையும் கொண்டு வந்து போடுங்க. வாறன்."

பையன்களைத் திருப்பி எடுக்கக் கொழும்பு ஒரே நாளில் சம்மதித்தது. கதிரைதான் கஷ்டம். கப்பல்துறைக்குப் போனபோது சூசைப்பிள்ளை அதில் சாய்ந்து, கதாநாயகியின் கலியாணம் குழம்புகிற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது கம்பனிக் கதிரை, தரமாட்டேன் என்றார். இதுவும் கம்பனி அலுவல்தான் என்று சொல்லி, அவரை எழுப்பி, கதிரையை லொறியில் ஏற்றினேன்.

கடை திறந்த அன்று முழுநாளும் சனம். யாரும் தொடுதிரையைத் தொடவில்லை. ஒருவர் தன் சாரத்தை உலரப் போட மட்டும் அதைப் பாவித்தார். பின்னேரம் கொட்டியாரக் குடாவுக்கு மேலே வானம் கறுத்து, முதல் இடி கேட்டது. பஸ்மியா கதிரையிலிருந்து எழும்பி ஃபேனை நிறுத்தினார், லைட்டை நிறுத்தினார், சுவிச்சில் கை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிப்பாட்டவா?"

"நிப்பாட்டுங்கோ, மிஸ்."

அவர் பிஸ்மி சொல்லி நிறுத்தினார். நீண்ட நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போனில் அர்ஷாக்கின் திரையைத் திறந்து பார்த்தேன். பூட்டிய கிளைக்கென்று அர்ஷாக் புதிதாக வைத்த சாம்பல் நிறத்துக்கு மூதூர் மாறியிருந்தது. கப்பல்துறை வழக்கம்போலப் பச்சை. சூசைப்பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து நாடகம் பார்க்கிறார் போல.